ஒன்பதாவது படிக்கும் மகளுக்குச் சின்ன நாய்: எந்த இனம் சரி வரும்? (சேலம், மாடி வீடு)

கொலுசுப்பட்டறை (சிவதாபுரம்)

வணக்கம். கீழே கொலுசுப் பட்டறை, மேலே வீடு. ஏறி வரப் பதினெட்டுப் படி. வீட்டில் நான், மனைவி, எழுபத்திரண்டு வயதில் அம்மா, ஒன்பதாவது முடிக்கப்போகும் மகள். மூன்று வருடமாக நாய் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். போன வாரம் ஒரு நோட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். காலை ஆறு மணிக்கு வெளியே கூட்டிப்போவது யார், தண்ணீர்க் கிண்ணம் கழுவுவது யார், வாரம் எத்தனை முறை முடி சீவுவது என்று கோடு போட்டு எழுதியிருந்தாள். எல்லா வரிக்கும் நேராக அவள் பெயர்தான். அதைப் பார்த்த பிறகு முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

இப்போது வீட்டில் ஆளுக்கொரு கட்சி. அவளுக்குப் பக் வேண்டும், இல்லாவிட்டால் ஷிட்சு. எனக்குச் சின்ன வயதிலிருந்தே டாஷ் (டாஷ்ஹண்ட்) மேல் ஆசை. மனைவி, பாம் (பொமரேனியன்) போதும் என்கிறாள். அம்மா மட்டும் எந்தப் பக்கமும் சேரவில்லை. காலில் இடறாமல் இருந்தால் சரி என்றார்.

எங்கள் நிலைமை இதுதான். சித்திரை வைகாசியில் மாடி தகிக்கும், ஏசி ஒரே அறையில். பட்டறைத் தரையில் சலங்கை மணி கொட்டிக் கிடக்கும், பக்கத்திலேயே ஆசிட் தொட்டி, கேஸ் நெருப்பு. அதனால் நாய் மேலேயேதான் இருந்தாக வேண்டும். கோடை விடுமுறையில் குட்டி வாங்கினால் மகளுக்குப் பழக்க நேரம் கிடைக்கும் என்று நினைக்கிறேன். வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

சூரமங்கலம்காரன்

பக் பற்றி நான் சொல்கிறேன் அண்ணா. ஆறு வருடம் வளர்த்தேன். குணத்தில் தங்கம். குழந்தை காதைப் பிடித்து இழுத்தாலும் ஒரு உறுமல் வராது.

மே மாதம், ஒரு முகூர்த்த நாள். ஓமலூரில் கல்யாணம், எல்லோரும் போய்விட்டோம். மின்விசிறி போட்டுவிட்டுத்தான் போனோம். மதியம் கரண்ட் போயிருக்கிறது, எங்களுக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது ஹாலில் பக்கவாட்டில் கிடந்தான். நாக்கு கருஞ்சிவப்பாக வெளியே தள்ளியிருந்தது, எச்சில் நூல் நூலாக வழிந்தது, மூச்சு இழுக்கும் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. ஈரத் துணியைச் சுற்றி ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருத்துவர் பார்த்தபோது உடம்புச் சூடு 42 டிகிரி செல்சியஸ். சாயங்காலத்துக்குள் போய்விட்டான்.

உங்கள் வீடு மாடி என்கிறீர்கள், ஏசி ஒரு அறை என்கிறீர்கள். பக் வேண்டாம். பாப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

கால்நடை மூன்றாமாண்டு

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறேன். இன்னும் மருத்துவர் ஆகவில்லை, அதனால் நான் சொல்வதை உங்கள் மருத்துவரிடமும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

மேலே அண்ணன் சொன்னதற்கான காரணம் இது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி வரை. நம்மைப்போல் அதற்கு உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். ஈரமான நாக்கிலும் மூக்கின் உட்பக்கத்திலும் காற்று வேகமாகப் போய் வரும்போது ஈரம் ஆவியாகி ரத்தம் குளிரும். பக், ஷிட்சு, பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூக்குக்காரர்களுக்கு அந்தக் காற்றுவழியே குறுகல். வாய்க்கூரையின் பின்பக்கத்து மெல்லிய தசை (மெல்லண்ணம்) நீண்டு வழியை மறைக்கும். இளைக்க இளைக்க மூச்சுத்தசைக்கு வேலை கூடி, அந்த உழைப்பிலேயே இன்னும் சூடாகும். சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் 38, 39 டிகிரி சாதாரணம். 40 தாண்டும் நாளும் வரும்.

டாஷ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பதினெட்டுப் படிதான் இடிக்கிறது. நீள முதுகு, குட்டைக் கால். முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் வில்லைகள் இந்த இனத்தில் இளம் வயதிலேயே கெட்டிப்பட ஆரம்பிக்கும். ஒரு நாள் சோபாவில் இருந்து குதிக்கும்போது வில்லை பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்கினால் பின்னங்கால் இரண்டும் இழுத்துவிடும். டாஷ்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு வாழ்நாளில் முதுகுப் பிரச்சினை வருகிறது. தரை வீடாக இருந்தால் நான் இவ்வளவு சொல்லமாட்டேன்.

அஸ்தம்பட்டி டாஷ்

எங்கள் டாஷ் பதிமூன்று வயது வரை இருந்தாள், முதுகுக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் எங்களுடையது தரை வீடு, எடையும் கூட விடவில்லை. தம்பி சொல்வது சரிதான். அண்ணா, ஆசை இருந்தாலும் மாடியில் வேண்டாம். ஒவ்வொரு தடவையும் கையில் தூக்கிக்கொண்டு இறங்க முடியுமா என்று பாருங்கள். ஒன்பது கிலோ இருந்தாள் எங்கள் வீட்டுக்காரி.

அழகாபுரம் அக்கா

ஷிட்சு வளர்க்கிறேன், ஐந்து வயது. பக் அளவுக்கு மோசமில்லை, ஆனால் ஏசி இல்லாமல் எங்கள் வீட்டில் முடியாது. முடி நம் தலைமுடி மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு நாள் சீவாமல் விட்டால் காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் சிக்கு விழுந்து உருண்டையாகிவிடும். அது தோலை இழுப்பதால் வலிக்கும், வலித்தால் சீவ விடாது, சீவ விடாவிட்டால் மொத்தமாக வழிக்க வேண்டியதுதான். நான் இப்போது முடியைக் குட்டையாக வெட்டியே வைத்திருக்கிறேன். மாதம் ஒரு முறை வெட்டப் போக வேண்டும். கண்ணோரம் தினமும் துடைக்க வேண்டும்.

குரைப்பு குறைவு. மடியிலேயே கிடக்கும். உங்கள் அம்மாவுக்கு இது ரொம்பப் பிடிக்கும். ஆனால் பத்தாவது போகிற பிள்ளை தினம் இருபது நிமிடம் சீப்பு பிடிப்பாளா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கொலுசுப்பட்டறை

எல்லோருக்கும் நன்றி. பக் பற்றிய பதிவை மகள் இரண்டு முறை படித்தாள். நோட்டில் பக் என்று இருந்ததை அவளே அடித்துவிட்டாள். டாஷை நான் அடித்துவிட்டேன். பீகிள் எப்படி? பள்ளித் தோழி வீட்டில் இருக்கிறதாம்.

மாந்தோப்பு (அயோத்தியாப்பட்டணம்)

பீகிள் என்னிடம் இருக்கிறது. பார்க்கச் சின்ன நாய், பதினொரு கிலோ. ஆனால் வேலைக்குப் பெரிய நாய். முயல் வாசனை பிடித்து மைல் கணக்கில் ஓடுவதற்காக இங்கிலாந்தில் வளர்த்தெடுத்த இனம். நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, மூக்கு தரையில் இருக்கும்போது அதற்குக் கேட்கவே கேட்காது. வாசல் கதவு ஒரு சாண் திறந்திருந்தால் போதும்.

அப்புறம் தீனி. இரண்டு வருடம் முன்பு மாம்பழ சீசனில் தோப்பில் விழுந்து கிடந்த செந்தூரம் ஒன்றைக் கொட்டையோடு விழுங்கிவிட்டான். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் வாந்தி, மூன்றாம் நாள் பச்சையாக வாந்தி, தண்ணீர்கூடத் தங்கவில்லை. ஸ்கேனில் குடல் அடைத்திருந்தது தெரிந்தது. அறுவை செய்து எடுத்த கொட்டையை மருத்துவர் ஒரு தட்டில் வைத்துக் காட்டினார். சுற்றியிருந்த நார் அப்படியே குடலில் ஒட்டிப் புண்ணாக்கியிருந்தது. பிழைத்துவிட்டான். உங்கள் வீட்டில் சலங்கை மணி கொட்டிக் கிடக்கும் என்கிறீர்கள். பீகிள் அதை ஒரு நாளில் கண்டுபிடித்துவிடும். சேலத்தில் நாய் வளர்க்கிற எல்லோரும் மே, ஜூனில் மாங்கொட்டையைக் குப்பைக் கூடையில்கூடத் திறந்து போடாதீர்கள்.

நாட்டுக்குட்டி (கன்னங்குறிச்சி)

இத்தனை பேர் சொல்லியும் நம்ம ஊர் நாயை ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பது வருத்தமாக இருக்கிறது. மூக்கனேரி ஏரிப் பக்கம் நான் எடுத்த பெண் குட்டிக்கு இப்போது நான்கு வயது, பதினான்கு கிலோ. சப்பை மூக்கு இல்லை, நீள முதுகு இல்லை, சீவுகிற முடி இல்லை. இந்த வெயிலுக்கென்றே பிறந்த உடம்பு. காசு கொடுக்க வேண்டாம். மடியில் வைக்கிற நாய்தான் வேண்டும் என்றால் சரி வராது. நாய் வேண்டும் என்றால் இதைவிட வேறு எது?

கொலுசுப்பட்டறை

ஐயா, மனசுக்கு அதுதான் சரி என்று படுகிறது. பதினான்கு கிலோவை அம்மாவால் பிடிக்க முடியுமா என்பதுதான் என் தயக்கம். நாங்கள் பட்டறையில் இருக்கும் நேரம் மேலே அம்மா தனியாகத்தான் இருப்பார்.

நாட்டுக்குட்டி (கன்னங்குறிச்சி)

அது நியாயமான தயக்கம். முதல் ஒரு வருடம் என்னுடையவள் சங்கிலியை இழுத்ததில் நானே தடுமாறியிருக்கிறேன். வயதானவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு இளம் நாட்டுக்குட்டியை நானும் கொடுக்கமாட்டேன்.

ஏற்காட்டுக்காரி

தாமதமாக வருகிறேன். காப்பித் தோட்டத்தில் வேலை, ஊர்ப் பக்கம் நெட் ஒழுங்காகக் கிடைக்காது. முப்பது வருடமாக வீட்டில் பாம் வளர்க்கிறோம், இப்போது இருப்பது ஐந்தாவது.

முதலில் பெயர். நம் ஊரில் பாம் என்று சொல்வதில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். நிஜப் பொமரேனியன் இரண்டு மூன்று கிலோதான் இருக்கும், மூஞ்சி குட்டையாக, உருண்டையாக. நம்முடையது மூக்கு கொஞ்சம் நீளம், சின்ன வகை ஐந்திலிருந்து ஏழு கிலோ, பெரிய வகை பன்னிரண்டுக்கு மேல் போகும். அந்த மூக்கு நீளம்தான் இந்த வெயிலில் அதைக் காப்பாற்றுகிறது. எண்பது, தொண்ணூறுகளில் நம் தெருக்களில் வீட்டுக்கு வீடு இருந்ததே, அதேதான். உங்கள் மனைவி சொன்னதும் இதைத்தான் என்று நினைக்கிறேன். சின்ன வகை ஸ்பிட்ஸ் உங்கள் வீட்டுக்கு ஒத்துவரும்.

குறை என்ன என்றால் குரைக்கும். கதவைத் தட்டினால், பால்காரர் வந்தால், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தால். உங்கள் பட்டறைக்கு நாள் முழுக்க ஆள் வரும் என்றால் அதை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

முடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் கீழே சேலத்தில் நிறையப் பேர் கோடை வந்தால் மொட்டை அடிக்கிறார்கள். அடிக்காதீர்கள். அதற்கு இரண்டடுக்கு முடி. மேல் முடி நீளமாக, உள்ளே பஞ்சு மாதிரி. சூடு நேராகத் தோலில் படாமல் இருக்க அதுவே பந்தல். மொட்டை அடித்தால் வெயில் தோலைச் சுடும், சில நாய்களுக்கு முடி திரும்பி வரும்போது திட்டுத் திட்டாக வரும், சிலவற்றுக்கு வராமலே போகும். அதற்குப் பதில் உதிரும் பருவத்தில் உள்முடியைச் சீவி எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் வாரம் மூன்று நாள், திண்ணையில் பழைய வேட்டியை விரித்துச் சீவுவோம். ஒரு தடவைக்கு ஒரு தலையணை உறைப் பஞ்சு வரும்.

கழுத்துப் பட்டையில் சங்கிலி மாட்டாமல் நெஞ்சுப் பட்டையில் மாட்டுங்கள். சின்ன நாய்களுக்கு மூச்சுக்குழல் மெலிசு, இழுத்து இழுத்து வாத்து கத்துகிற மாதிரி இருமல் வந்துவிடும்.

கொலுசுப்பட்டறை

அம்மா, உங்கள் பதிவை மனைவி படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, காப்பி மட்டும் நன்றாகப் போட்டுக் கொடுத்தாள். ஸ்பிட்ஸ் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

ஐந்து ரோடு பக்கம் ஒருவர் குட்டி வைத்திருக்கிறார். அறுபது நாள் குட்டி, நிஜப் பொமரேனியன், பெரிதாகவே ஆகாது என்கிறார். கையில் வைத்தால் உள்ளங்கையில் அடங்குகிறது. நடை தள்ளாடுகிறது. தடுப்பூசி போட்டாயிற்று என்கிறார், அட்டை பிறகு தருவாராம். வாங்கலாமா?

கால்நடை மூன்றாமாண்டு

வாங்காதீர்கள் அண்ணா. குட்டியின் வாயைத் திறந்து பாருங்கள். எட்டு வாரம் முடிந்த குட்டிக்குப் பால் பற்கள் இருபத்தெட்டும் ஏறக்குறைய முளைத்திருக்கும். பின்கடைவாய் இன்னும் ஈறாகவே இருந்தால் அது முப்பது, முப்பத்தைந்து நாள் குட்டி. தள்ளாடுவதே அதற்கு அடையாளம். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று நாய் வளர்ப்பு விற்பனை விதிகள் 2017லேயே சொல்கின்றன. தாயிடம் இருந்து சீக்கிரம் பிரித்தால், கடித்தால் வலிக்கும் என்பதைக் கூடப்பிறந்த குட்டிகளிடம் கற்றுக்கொள்ளாமலே வந்துவிடும். தாயை நேரில் காட்டச் சொல்லுங்கள். தாயின் உருவம்தான் குட்டி எவ்வளவு வளரும் என்பதற்குச் சாட்சி.

கொண்டலாம்பட்டி

தம்பி சொல்வதைக் கேளுங்கள். நாங்கள் அப்படி வாங்கித்தான் இழந்தோம். ஒரு வியாபாரியிடம், அட்டை பிறகு தருகிறேன் என்ற அதே வார்த்தை. நான்காம் நாள் குட்டி சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் வாந்தி, ரத்தமாகப் பேதி, அந்த வாடை இன்னும் எனக்கு மறக்கவில்லை. பார்வோ என்ற வைரஸ் நோய். மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றினோம். என் மகன் எட்டாவது படித்தான், அந்த மூன்று நாளும் பள்ளிக்குப் போகவில்லை, தரையிலேயே குட்டி பக்கத்தில் படுத்துக்கொண்டான். ஒரு பிள்ளைக்கு முதல் நாய் இப்படி ஆகக் கூடாது.

கால்நடை மூன்றாமாண்டு

அக்கா, ரொம்ப வருத்தமாக இருக்கிறது. அந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக் கணக்கில், ஒரு வருடம்கூட உயிரோடு கிடக்கும். டெட்டால், பினாயில் எதுவும் நம்பிக்கை இல்லை, பிளீச்சிங் பவுடர் கரைசல்தான் கொல்லும். அடுத்து எடுப்பதாக இருந்தால் தடுப்பூசி முழுதும் முடிந்த நாயாகப் பார்த்து எடுங்கள்.

கோவை விடுதி

வணக்கம். நான் சேலம்தான், இப்போது கோவையில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த இழையை ஒரு வாரமாகப் படிக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது.

எனக்கு ஒன்பதாவது முடிந்த விடுமுறையில் அப்பா ஒரு ஸ்பிட்ஸ் குட்டி வாங்கிக்கொடுத்தார். மைலோ. நானும் இதே மாதிரி பட்டியல் எழுதினேன். முதலில் கொஞ்ச நாள் நான்தான் எல்லாம் செய்தேன், அது பொய் இல்லை. பத்தாவதில் காலை ஐந்து மணிக்கு டியூஷன் வந்தது. நடை அப்பாவுக்குப் போனது. பதினொன்றில் சீப்பு அம்மாவுக்குப் போனது. பன்னிரண்டில் நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். அவன் கதவுக்கு வெளியே மூக்கைக் கீழ் இடுக்கில் வைத்துப் படுத்திருப்பான். மூச்சு விடும் சத்தம் உள்ளே எனக்குக் கேட்கும். நான் திறக்கமாட்டேன், திறந்தால் படிப்பு போய்விடும் என்று.

பிறகு விடுதி. நான் கிளம்பிய அன்று முதல் பத்து நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று அம்மா எனக்குச் சொல்லவே இல்லை. தீபாவளிக்குப் போனபோதுதான் தெரிந்தது. இப்போது அவன் அம்மாவின் நாய். நான் போனால் வால் ஆட்டுகிறான், அப்புறம் அம்மா காலடிக்குப் போய்விடுகிறான். அது சரிதான், அவனுக்கு அதுதான் நல்லது.

ஸ்பிட்ஸ் பன்னிரண்டிலிருந்து பதினைந்து வருடம் இருக்கும். உங்கள் மகள் வீட்டில் இருக்கப்போவது இன்னும் மூன்று வருடம். மீதி வருடங்கள் யாரோடு? அந்த ஆளுக்குப் பிடித்த நாயா என்று பாருங்கள் அண்ணா. பாட்டி எந்தப் பக்கமும் சேரவில்லை என்று முதல் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அவரைக் கேளுங்கள். பகல் முழுக்க வீட்டில் இருக்கப்போவது அவர்தான்.

இன்னொன்று. ஏன் குட்டிதான் வேண்டும்? முதல் ஆறு மாதம் வீடெல்லாம் மூத்திரம், செருப்பெல்லாம் பல் தடம், இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழ வேண்டும். அவள் பத்தாவது ஆரம்பிக்கும் நேரம். மூன்று, நான்கு வயது நாயாக எடுத்தால் எவ்வளவு குரைக்கும், பாட்டியிடம் எப்படி இருக்கும், எத்தனை கிலோ எல்லாம் இன்றைக்கே கண்ணுக்குத் தெரியும்.

ஏற்காட்டுக்காரி

கண்ணு, நீ எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன். மைலோ உன்னை மறக்கமாட்டான்.

பட்டறைக்காரரே, எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று ஏற்காட்டில் இருந்து வெளிநாடு போகிறது. அவர்கள் வீட்டில் ஜிம்மி என்று ஒரு ஸ்பிட்ஸ், நான்கு வயது, ஆறரைக் கிலோ, கருத்தடை ஆகிவிட்டது, அட்டையும் இருக்கிறது. அங்கே ஒரு பாட்டியோடுதான் வளர்ந்தான். ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: மேலே குளிரில் பழகியவன். இறக்குவதாக இருந்தால் ஜூன் மழை பிடித்த பிறகு இறக்குங்கள், மே மாதத்தில் வேண்டாம். வந்து பாருங்கள், முதல் நாளே தூக்கிப்போக வேண்டாம்.

கொலுசுப்பட்டறை

மகள் எழுத வேண்டும் என்கிறாள். இந்தக் கணக்கிலேயே எழுதட்டும்.

நான்தான் எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி. விடுதி அக்கா, நான் உங்கள் பதிவைப் படித்து அழுதேன், கோபமும் வந்தது. நான் அப்படிப் போகமாட்டேன் என்று நினைத்தேன். அப்புறம் பாட்டியிடம் கேட்டேன். பாட்டி சின்ன வயதில் எடப்பாடியில் ஒரு நாய் வைத்திருந்தாராம், இத்தனை வருடத்தில் யாரும் கேட்காததால் சொல்லவில்லையாம். அவருக்கு நாய் குரைத்தால் பரவாயில்லை, மேலே ஏறித் தாவினால்தான் பயம் என்றார். ஏற்கனவே வளர்ந்த நாய்க்கு என்னைப் பிடிக்காமல் போனால் என்ன செய்வது? அதுதான் எனக்கு ஒரே சந்தேகம்.

கோவை விடுதி

தங்கச்சி, முதல் தடவை போகும்போது நீயாகத் தொடாதே. பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார், கண்ணை நேராகப் பார்க்காதே, கையைத் தொடைமேல் வைத்துக்கொள். அவனே வந்து மோந்து பார்ப்பான். தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல் தாடைக்குக் கீழே சொறிந்துவிடு. போதும். இரண்டு வாரம் அவனுக்குப் புது வீடு, மூன்று மாதம் ஆகும் முழுசாகப் பழக.

கொலுசுப்பட்டறை

ஜூலை வந்துவிட்டது, விவரம் சொல்கிறேன். மூன்று முறை ஏற்காடு போனோம். மூன்றாவது முறை அம்மாவையும் கூட்டிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறினோம், வழியில் அவருக்கு இரண்டு தடவை வாந்தி. அங்கே போய்த் திண்ணையில் உட்கார்ந்ததும் ஜிம்மி நேராக அவர் புடவை முந்தானையை மோந்துவிட்டு, பக்கத்தில் படுத்துக்கொண்டான். மகள் முகம் வாடியது எனக்குத் தெரிந்தது. ஆனால் விடுதிப் பெண் சொன்னபடி அவள் தரையில் உட்கார்ந்தே இருந்தாள். அரை மணி கழித்து எழுந்து போய் அவள் முழங்காலில் தாடையை வைத்தான்.

வந்து மூன்று வாரம். மாடிப்படித் தலைப்பில் கம்பிக் கதவு போட்டுவிட்டேன், பட்டறைக்கு இறங்க முடியாது. காலையில் ஆறுக்கு முன்னும் இருட்டிய பிறகும்தான் நடை. தார் ரோட்டில் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இறக்குகிறாள். காதுக்குள்ளே ஒரு உண்ணி கண்டுபிடித்து எடுத்தோம், மருந்தும் ஆரம்பித்துவிட்டோம். குரைக்கிறான், ஆமாம். கொலுசு வாங்க வருபவர்கள் பழகிவிட்டார்கள்.

நோட்டை மகள் புதிதாக எழுதியிருக்கிறாள். பகல் தண்ணீர், பாட்டி. இரவு நடை, அப்பா. சீப்பு மட்டும் அவள் பெயரில். கடைசிப் பக்கத்தில் 'நான் ஹாஸ்டல் போனால்' என்று தலைப்புப் போட்டு அதற்குக் கீழே காலியாக விட்டிருக்கிறாள்.

கொலுசுப்பட்டறை

அவசரம். அம்மா அவனுக்குக் கேசரி கொடுத்துவிட்டார். அதில் உலர் திராட்சை இருந்தது. அரை மணி நேரம் ஆகிறது. நன்றாகத்தான் விளையாடுகிறான். ஒன்றும் செய்ய வேண்டாமா?

கால்நடை மூன்றாமாண்டு

இப்போதே கிளம்புங்கள் அண்ணா. திராட்சை, உலர் திராட்சை இரண்டும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எத்தனை தின்றால் ஆபத்து என்று அளவு சொல்ல முடியாது, ஒன்றிரண்டுக்கே பாதித்த நாய்களும் உண்டு. இரண்டு மணி நேரத்துக்குள் போனால் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்துவிடலாம். உப்புத் தண்ணீர் ஊற்றி வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். போனில் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள்.

கொலுசுப்பட்டறை

வாந்தியில் ஏழு திராட்சை வந்தது, ஊறிப் பெருத்து முழுசு முழுசாக. மகள்தான் குச்சியால் தள்ளி எண்ணினாள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் சரியாக இருக்கிறது என்று இன்றைக்குச் சொன்னார்கள்.

அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. தன் கையால் கொடுத்துவிட்டேனே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மகள் திராட்சை டப்பா, வெங்காயக் கூடை, சாக்லேட் வைக்கும் அலமாரி மூன்றிலும் பெரிய எழுத்தில் 'ஜிம்மிக்கு இல்லை' என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது என்று எழுத்துக்குப் பக்கத்தில் நாய்ப் படமும் வரைந்து, குறுக்கே சிவப்புக் கோடு போட்டிருக்கிறாள். தயிர் சாதம், உப்பில்லாமல் வேகவைத்த கோழி கொடுக்கலாம் என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, சாயங்காலம் அம்மா ஒரு சின்னக் கிண்ணத்தில் தயிர் சாதம் பிசைந்து எடுத்து வந்தார். இந்த முறை மகளைக் கூப்பிட்டு, கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் கீழே வைத்தார்.